நான்காவது சைக்கிள்

மூன்று சைக்கிள்கள்தான் கிளம்பியிருக்க வேண்டும். நான்கு போன சத்தம் சகாதேவனுக்குக் கேட்டது.

கண்ணைத் திறக்க முடியாமல் பாயில் கிடந்தபடியே அவன் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டான். முதலில் ஹரிஹரனுடையது, கியர் வைத்தது, சிர்ரென்று ஒரே சீராகப் போகும். அடுத்தது மாரியுடையது, மேடு பள்ளம் எதில் ஏறினாலும் அதன் மணி தானாகவே ஒரு முறை அடித்துக்கொள்ளும். அதற்கடுத்து தருமலிங்கத்தின் பழைய சைக்கிள், சுற்றுக்கு ஒரு தடவை முனகுகிற பெடல். பத்து நாளாக ஸ்ரீசைலம் வரைக்கும் போய்த் திரும்பும் வழியெல்லாம் கேட்டுப் பழகிய சத்தங்கள். அவை மூன்றும் மணல் ரோட்டில் தேய்ந்து மறையும்போது, கொஞ்சம் இடைவெளி விட்டு, வீட்டின் பின்பக்கமிருந்து நான்காவது கிளம்பியது. கிணுக், கிணுக் என்று மட்கார்டு சக்கரத்தில் உரசும் சத்தம். டோர்னாலா மலைப்பாதையில் உடைந்துபோன மட்கார்டை அவன்தான் கட்டுக்கம்பி போட்டுக் கட்டியிருந்தான்.

அது அவனுடைய சைக்கிள்.

கூப்பிட வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. தொண்டை காலையிலேயே அடைத்துப்போயிருந்தது.

அந்த வீடு பழவேற்காட்டுக்கு வடக்கே, ஏரியை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தின் கடைசியில் இருந்தது. நண்டு வாங்கி விற்கும் ஜெகபர் அலியின் வீடு. மாரிக்கு மீஞ்சூர் மார்க்கெட்டில் மீன் கடை, அவன் வாரத்துக்கு இரண்டு முறை இவரிடம் சரக்கு எடுக்கிறவன். அந்தப் பழக்கத்தில்தான் சகாதேவனை இங்கே இறக்கிப் படுக்க வைத்தார்கள். நெடுஞ்சாலையில் லாரி பயம் என்று ஆரம்பாக்கத்தில் பிரிந்து ஏரிக்கரை வழியாக வந்துகொண்டிருந்தபோது, சுண்ணாம்புக்குளம் தாண்டியதும் சகாதேவனுக்குப் பாதை இரண்டிரண்டாகத் தெரிந்தது. அப்புறம் மண் முகத்தில் பட்டது. அனுப்பம்பட்டில் வீட்டு வாசலுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. பத்து நாள் மிதித்துவிட்டுக் கடைசி நாளில் இப்படி.

நீங்கள் போங்கள் என்று அடைத்த குரலில் அவன்தான் சொன்னான். எல்லோர் வீட்டிலும் காத்திருப்பார்கள், பொழுது சாய்வதற்குள் பிரசாதம் போய்ச் சேரட்டும் என்றான். மாரி தயங்கினான். பிறகு, மச்சானுடைய குட்டியானை வண்டியை எடுத்துக்கொண்டு இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன், சைக்கிள் இங்கேயே இருக்கட்டும், உன்னையும் அதையும் சேர்த்து ஏற்றிப் போகலாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

சைக்கிள் இங்கேயே இருக்கட்டும் என்றுதானே சொன்னான்?

அறை சின்னது. சுவரோரம் தெர்மாகோல் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன, அவற்றிலிருந்து பழைய ஐஸ் தண்ணீரின் வாடையும் நண்டின் வாடையும் வந்துகொண்டிருந்தன. கம்பி போட்ட ஒரே ஜன்னல். அதற்கு வெளியே வெள்ளைத் தகடாக ஏரி. காற்றில் எங்கோ ஒரு தார்ப்பாய் படபடவென்று அடித்து, நின்று, யோசிப்பது போலக் காத்திருந்து, மறுபடி அடித்தது. அது நிற்கும்போதெல்லாம் சகாதேவன் காதைத் தீட்டிக்கொண்டு கிணுக் சத்தத்தைத் தேடினான். இல்லை. போய்விட்டது.

யார் எடுத்துப் போனது?

பயணம் முழுக்க ஏதோ சரியில்லை என்பது இப்போதுதான் கோவையாக நினைவுக்கு வந்தது. திரும்பும் வழியில் மார்க்காபுரம் தாண்டி, விடியாத இருட்டில் மிதித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் வந்த ஒருவன் பேசாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். ஹரிஹரன்தான் என்று நினைத்து வாங்கிக் குடித்தான். உப்புக் கரித்தது. விடிந்ததும் கேட்டதற்கு, நான் இரண்டு கிலோமீட்டர் முன்னால் இருந்தேனே என்றான் ஹரிஹரன். அன்று மாலைதான் காய்ச்சல் தொடங்கியது. நெல்லூர்ச் சத்திரத்தில் காவலாளி ஐந்து பாய் விரித்து வைத்திருந்தான். நாங்கள் நான்கு பேர்தான் என்றதற்கு, அந்த ஆள் தெலுங்கில் ஏதோ சொல்லிவிட்டு வாசல் பக்கம் கையைக் காட்டினான். அங்கே யாரும் இல்லை. காலையில் எழுந்தபோது ஐந்தாவது பாய் ஈரமாக இருந்தது. கூரை ஒழுகியிருக்கும் என்று மாரி சிரித்தான்.

மாசி மாதத்தில், மழையே இல்லாமல், எப்படி ஒழுகும்?

அப்போது மாரி ஏன் சிரித்தான் என்று சகாதேவன் இப்போது யோசித்தான். மூன்று நாளாகக் காய்ச்சலோடு தான்தான் கூட்டத்தைத் தாமதப்படுத்தியிருந்தான். பின்னால் வந்து சேரும்போதெல்லாம் அவர்கள் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அப்படித்தான் தோன்றியது. இருபது வருடப் பழக்கம். ஒரே பள்ளிக்கூடம், ஒரே ரயிலடி. இருந்தாலும் ஒருவன்கூடத் துணைக்கு உட்காரவில்லையே.

கதவு திறந்தது. ஜெகபர் அலியின் மனைவி ஜைனம்பு கையில் ஒரு டம்ளரோடு வந்தாள். ஐம்பது வயதிருக்கும், தலையில் போட்ட முக்காட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டு குனிந்து டம்ளரை வைத்தாள். சுக்குத் தண்ணீர் என்றாள். அவன் உதட்டில் வைத்தான். உப்புக் கரித்த மாதிரி இருந்தது. காய்ச்சல் வாய்க்கு எல்லாமே அப்படித்தான் இருக்கும். இருந்தாலும் அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது டம்ளரைக் கீழே வைத்துவிட்டான்.

சைக்கிள் எங்கே என்று கிசுகிசுத்தான். இரண்டு முறை கேட்ட பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"அதான் எடுத்துனு போயிட்டாரே தம்பி, உங்க கூட்டாளி."

"யாரு? மூணு பேர்தானே..."

"மூணு பேரும் முன்னால போனாங்க. இவரு பின்னால கெணத்துப் பக்கம் இருந்து வந்தாரு. தலைல துண்டு. நான் அடுப்பங்கரைல இருந்து பாத்தேன். தண்ணி எதுனா வேணுமான்னு கேட்டேன், திரும்பல." அவள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "உங்க கூடப் பொறந்தவரா? நடை அப்படியே இருந்துச்சு."

அவனுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. இவள் பொய் சொல்கிறாளா என்று பார்த்தான். அவள் முகத்தில் எதுவும் இல்லை. அடுப்பில் வைத்ததை நினைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் முகம், அவ்வளவுதான்.

போன் வேண்டும் என்று சைகை காட்டினான். அவனுடைய போன், பர்ஸ், ஆதார் எல்லாமே சைக்கிளின் முன்பையில் இருந்தன. இது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் இடுப்பிலிருந்து ஒரு பட்டன் போனை எடுத்துக் கொடுத்தாள். மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு எண்தான், மனைவி பானுப்ரியாவுடையது.

அவள் மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் மிக்ஸி ஓடியது, மகள் தேவதர்ஷினி ஏதோ பாட்டை ஒரே வரியில் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தாள். ஆறு வயதுக் குழந்தை. பிறந்ததிலிருந்து அவன் அவளைப் பத்து நாள் பிரிந்திருந்ததில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அவன் கண்ணில் நீர் கட்டியது.

"நான்தான்" என்றான்.

"யாரு?"

"நான்தான் பானு. சகா." அவனுக்கே அது வேறு யாருடைய குரலாகவோ கேட்டது. தகரத்தில் கல்லை இழுப்பது போல.

அந்தப் பக்கம் மிக்ஸி நின்றது.

"யாருங்க நீங்க? எங்க வூட்டுக்காரரு இப்பதான் பேசினாரு. பழவேற்காட்ட தாண்டிட்டேன்னு சொன்னாரு."

அவன் காய்ச்சல் என்றான், தொண்டை என்றான், ஜெகபர் அலி வீடு என்றான். பாதி வார்த்தைகள் காற்றாகப் போயின. குழந்தையின் பெயரைச் சொன்னான். அதைச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது. அந்தப் பக்கம் மூச்சு மாறியது கேட்டது.

"எம் பொண்ணு பேரு உனுக்கு எப்படித் தெரியும்? இனிமே போன் பண்ணின, போலீசுக்குப் போவேன்."

மறுபடி அழைத்தான். மணி போகவில்லை. மறுபடியும். போகவே இல்லை.

ஜைனம்பு போனை மெல்ல அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். போகும்போது முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நடந்து போனாள்.

பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்ட கொஞ்ச நேரத்தில் ஜெகபர் அலி வந்தார். ஈரமான வேட்டி, முழங்கால் வரை ஏரிச் சேறு. வாசலில் கணவனும் மனைவியும் தணிந்த குரலில் பேசுவது சகாதேவனுக்குக் கேட்டது, வார்த்தை பிடிபடவில்லை. பிறகு அவர் உள்ளே வந்து அவன் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அந்தக் கை குளிர்ச்சியாக, நல்ல மனிதனின் கையாக இருந்தது. சகாதேவன் அதைப் பிடித்துக்கொண்டான். மாரியைக் கூப்பிடுங்கள் என்றான். யாரோ என் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்களோடு போகிறான் என்று மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னான்.

அவர் தலையை ஆட்டிவிட்டு, தன் போனில் மாரியை அழைத்து, இவனுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

மாரி திருப்பாலைவனத்தில் ஒரு டீக்கடையில் இருந்தான். பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது. உங்க கூட்டாளி இங்கே பயந்துகொண்டிருக்கிறார், சீக்கிரம் வண்டியைக் கொண்டு வா என்றார் ஜெகபர் அலி.

"யாரு பாய்? சகாதேவனா?" மாரி சிரித்தான். "அவன் எங்க கூடதானே இருக்கான். நாங்க கெளம்பினதும் பின்னாலயே வந்து சேந்துட்டான். காச்சல் வுட்டுடுச்சாம். எங்கள விட வேகமா மிதிக்கறான்."

ஜெகபர் அலி திரும்பினார். அவர் கண் பாயில் கிடந்தவன் மேல் இருந்தது.

"மாரி, அவரு இங்க படுத்துனு இருக்காருடா."

"வெளையாடாதீங்க பாய். இருங்க, அவன்கிட்டயே குடுக்கறேன். டேய், அலி பாய் பேசறாரு."

போன் கை மாறும் சத்தம். டீ ஆற்றும் சத்தம். பிறகு யாரோ மூச்சு விட்டார்கள். சகாதேவன் முழங்கையை ஊன்றி எழுந்தான்.

"சொல்லுங்க பாய்."

அவனுடைய குரல். அடைப்பு இல்லாத குரல். பத்து நாளைக்கு முன்னால் வீட்டை விட்டுக் கிளம்பியபோது அவனிடம் இருந்த குரல். 'பாய்' என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்லும் அந்தப் பழக்கம்கூட.

"அங்க ஒருத்தரு படுத்துனு இருக்காரே, பாத்தேன்" என்றது அது, நிதானமாக. "பாவம், ஒடம்பு ரொம்ப மோசமா இருக்கு. என் பேர்தான் சொல்வாரு. பொறுமையாப் பாத்துக்கங்க. ரொம்ப நேரம் தாங்காது."

அழைப்பு நின்றது.

தார்ப்பாய் அடித்தது. நின்றது. ஜெகபர் அலி மெதுவாக எழுந்து இரண்டு அடி பின்னால் போனார்.

"நீங்க யாரு தம்பி?"

சகாதேவன் சொன்னான். அப்பா பெயர் சொன்னான். மீஞ்சூரில் வேலை பார்க்கும் கிடங்கின் பெயர் சொன்னான். மாரியின் கடையில் தராசு எந்தப் பக்கம் இருக்கும் என்றுகூடச் சொன்னான். உதடு அசைந்ததே தவிர, பாதிக்கு மேல் சத்தமே வரவில்லை. அவர் குனிந்து கேட்கவும் வரவில்லை. வாசலில் நின்ற ஜைனம்பு ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் வெளியே போனார்கள்.

தாழ்ப்பாள் விழும் சத்தம்.

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். தெர்மாகோல் பெட்டி ஒன்று சரிந்து விழுந்தது. கதவைத் தள்ளினான். தட்டினான். கையில் வலுவே இல்லை, தலையணையைத் தட்டுவது போல இருந்தது. வெளியே மொபெட்டை உதைத்துக் கிளப்பும் சத்தம். பள்ளிவாசல் பக்கம் போய் யாரையாவது கூட்டி வருகிறேன், அதுவரைக்கும் கதவைத் திறக்காதே என்று ஜெகபர் அலி சொல்வது கேட்டது.

ஜன்னலுக்கு நகர்ந்தான். ஏரியில் வெயில் மஞ்சளாகியிருந்தது. தூரத்தில் மார்பளவு தண்ணீரில் நின்று சிலர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையைக் கம்பிக்கு வெளியே நீட்டி ஆட்டினான். யாரும் பார்க்கவில்லை.

கிணற்றடி அங்கிருந்து தெரிந்தது. அவனுடைய சைக்கிள் சாய்த்து வைத்திருந்த சுவர் தெரிந்தது. ஏரியின் விளிம்பிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் ஈரமணலில் காலடித் தடங்கள் இருந்தன. வெறுங்கால். சுவர் வரைக்கும் வந்திருந்தன. அதன் பிறகு சைக்கிள் டயரின் கோடு மட்டும்.

தண்ணீரிலிருந்து வந்த தடங்கள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பிறகு திறந்து எண்ணத் தொடங்கினான். திருப்பாலைவனத்திலிருந்து பொன்னேரி அரை மணி நேரம். பொன்னேரியிலிருந்து அனுப்பம்பட்டு இன்னொரு அரை மணி. வேகமாக மிதித்தால் அதுகூட இல்லை. வேகமாக மிதிக்கிறான் என்றுதானே மாரி சொன்னான்.

"அம்மா" என்று ஜன்னலில் கூப்பிட்டான். அவனால் முடிந்த அத்தனை சத்தத்தோடும். "என் குழந்தை. வூட்ல குழந்தை இருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் ஓதும் குரல் ஒரு நொடி நின்றது. அவள் கேட்டுவிட்டாள். அவள் அங்கேதான் இருக்கிறாள், கைக்கெட்டும் தூரத்தில். பிறகு அது முன்னைவிடச் சத்தமாக, முன்னைவிட வேகமாகத் தொடர்ந்தது.

பொழுது இறங்கியது. காய்ச்சல் ஏறியது. அவன் ஜன்னலடியிலேயே சரிந்து உட்கார்ந்திருந்தான். மக்ரிப் பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் மொபெட் திரும்பி வந்தது. யாரும் கூட வரவில்லை. வந்தவர் கதவுப் பக்கம் போகாமல் நேராக ஜன்னலுக்கு வந்தார்.

ஜெகபர் அலியின் முகம் மாறியிருந்தது. அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சகாதேவனின் முகத்தையும் கையிலிருந்த போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாரி ஸ்டேட்டஸ்ல வீடியோ வச்சிருக்கான்" என்றார். "இருபது நிமிசம் ஆச்சு. அப்புறம் போன எடுக்கல. யாருமே எடுக்கல. நீங்க ஒரு தடவ பாருங்க தம்பி. இது உங்க வூடா?"

போனைக் கம்பி இடுக்கில் நீட்டினார்.

அவன் வீடுதான். தெருவில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். ஹரிஹரனும் தருமலிங்கமும் மாலையோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். நான்காவதாக ஒருவன், தலையில் துண்டோடு, மட்கார்டு உடைந்த சைக்கிளைப் பிடித்தபடி. பானுப்ரியா ஆரத்தித் தட்டை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் செல்லமாக அந்தத் துண்டை இழுத்தாள்.

சகாதேவன் அந்தத் துண்டுக்குள் வேறு ஒரு முகத்தை எதிர்பார்த்திருந்தான். கோரமாக, அழுகி, ஏதோ ஒன்றாக. அப்படி இல்லை. அவனுடைய முகம். பத்து நாள் தாடி. களைப்பு மட்டும் காணவில்லை. வியர்வை இல்லை. அத்தனை தூரம் வெயிலில் மிதித்து வந்தவன் நெற்றியில் ஒரு துளிகூட இல்லை.

குழந்தை வாசலிலிருந்து ஓடி வந்தாள். நடு வழியில் நின்றாள்.

பின்னால் நகர்ந்தாள்.

யாரோ சிரித்தார்கள். பத்து நாள் பார்க்காததில் நைனா முகமே மறந்துவிட்டது பார் என்று மாரியின் குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை அழத் தொடங்கியது. நான்காமவன் குனிந்து அவளைத் தூக்கினான். அவள் முதுகை வில்லாக வளைத்து, காலை உதைத்து, அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பானுப்ரியாவே சிரித்துக்கொண்டு, அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விட்டாள்.

சகாதேவன் கம்பியில் முகத்தை அழுத்தினான். வாய் திறந்திருந்தது.

ஆரத்தி சுற்றி முடிந்தது. பானுப்ரியா தட்டோடு தெரு ஓரத்துக்குப் போய், சிவப்புத் தண்ணீரை மண்ணில் ஊற்றினாள். அவள் முதுகு திரும்பியிருந்த அந்த நேரத்தில் நான்காமவன் குழந்தையோடு படியேறி உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அழுகை கேட்டது. பிறகு கேட்கவில்லை. குறையவில்லை. ஒரேயடியாக நின்றது.

பானுப்ரியா காலித் தட்டோடு வந்து கதவைத் தள்ளிப் பார்த்தாள். மாரியின் பக்கம் திரும்பி, பாருங்களேன் இவரை என்பது போலத் தலையை ஆட்டினாள். பிறகு தட்டினாள்.

"இன்னாங்க. கதவத் தெறங்க."

மறுபடி தட்டினாள். அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.